மேல் கடைவாய்ப் பல் பிடுங்கிய பிறகு மூக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது: தானாக மூடிக்கொள்ளுமா?

கேள்வி: 3 நவம்பர் 2024, காலை 7.10

மேல் இடது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இன்றோடு ஆறு நாள். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் இடது மூக்கில் சொட்டுச் சொட்டாக வருகிறது. வலி பெரிதாக இல்லை. வீட்டில் சளி என்கிறார்கள். பிடுங்கிய இடம் ஆற ஆறத் தானாக மூடிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். காத்திருக்கலாமா?

3 நவம்பர், காலை 8.40

காத்திருக்காதீர்கள். இன்று ஞாயிறு, நாளைக் காலை முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். பல் பிடுங்கியவரிடமே போகலாம், அவரிடம் "தண்ணீர் மூக்கில் வருகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சுற்றி வளைத்து "கொஞ்சம் சளி மாதிரி இருக்கிறது" என்று சொன்னால் சளி மாத்திரைதான் கிடைக்கும். எனக்கு அதுதான் நடந்தது.

அதுவரை மூக்கு சிந்த வேண்டாம். பலமாகக் கொப்பளிக்கவும் வேண்டாம். மீதியை இரவு எழுதுகிறேன், இன்றைக்கு ஒரு வளைகாப்புக் கச்சேரி இருக்கிறது.

3 நவம்பர், இரவு 10.15

நான் நாகஸ்வரம் வாசிப்பவன். தஞ்சாவூர்ப் பக்கம். இந்த விஷயம் எனக்கு வெறும் உடம்புக் கோளாறாக இல்லை, பிழைப்பிலேயே கை வைத்தது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022இல் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு பல்லைப் பிடுங்கினேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆவணி முகூர்த்தத்துக்குள் ஆறிவிடும் என்று கணக்கு. மேல் இடது முதல் கடைவாய்ப் பல். பல வருடத்துக்கு முன்பு வேர் சிகிச்சை செய்து, தொப்பி கழன்று, பாதி உடைந்து கிடந்தது. பிடுங்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அண்ணத்துப் பக்க வேர் வரும்போது 'கடக்' என்று ஒரு சத்தம், கன்னத்துக்குள் கேட்டது. தட்டில் விழுந்த வேரின் நுனியில் சுண்டைக்காய் விதை அளவுக்கு ஒரு எலும்புச் சில்லு ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் கொப்பளித்தபோது மூக்கில் ஒரு சொட்டு. துடைத்துவிட்டு மறந்தேன். அண்ணாந்து தண்ணீர் குடித்தால் புரை ஏறியது, அதையும் மறந்தேன். பத்தாம் நாள் சாதகத்துக்கு உட்கார்ந்து சீவாளியை (நாகஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டு) உதட்டில் வைத்து ஊதினால் முதல் சுரமான சட்ஜமே நிற்கவில்லை. மூச்சு போகிறது, சத்தம் வரவில்லை. சீவாளி சரியில்லையோ என்று வேறொன்று மாற்றினேன், அதுவும் அப்படித்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா, உன் மூக்கு விசில் அடிக்குது" என்றாள். அப்போதுதான் காற்று எந்த வழியாகப் போகிறது என்று உறைத்தது. மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன். பல் இருந்த குழியில் குமிழி விட்டுக்கொண்டு காற்று வாய்க்குள் வந்தது.

அப்புறமும் நான் பல் டாக்டரிடம் போகவில்லை. மூக்கு விஷயம் என்று நினைத்துத் தெரு முனை டாக்டரிடம் போனேன். ஒவ்வாமை என்று இரண்டு வாரம் மாத்திரை. அதற்குள் இடது கன்னம் கனக்க ஆரம்பித்தது. கோயிலில் விழுந்து கும்பிட்டால் முகத்தின் இடது பாதிக்குள் ஈயம் உருளுவது மாதிரி இருக்கும். ஒரு கெட்ட நாற்றம், எனக்கு மட்டும் தெரியும், சோறு சாப்பிடும்போது கூட வரும்.

கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் இரண்டு கேள்விதான் கேட்டார். "ஒரே பக்கம்தானா?" "மேல் பல் ஏதாவது பிடுங்கினீர்களா?" அந்த இரண்டாவது கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். வலது கன்னத்துச் சைனஸ், அதாவது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை, கறுப்பாக, காற்றோடு இருந்தது. இடது முழுக்க வெள்ளை, சீழ். அடித்தளத்து எலும்பில் ஒரு இடைவெளி.

ஆவணி முகூர்த்தம் ஏழுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். ஏழையும் திருப்பிக் கொடுத்தேன்.

4 நவம்பர், காலை 6.30

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும், தூக்கமே வரவில்லை. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அங்கே எலும்புக்கும் காற்றறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். எலும்பு போனாலும் சில பேருக்குச் சவ்வு மட்டும் தப்பித்திருக்கும். ஊதினால் அதுவும் கிழிந்துவிடும். டாக்டரே கூட மிக மெதுவாகத்தான் ஊதச் சொல்லிப் பார்ப்பார். குச்சி, ஊசி, நாக்கு நுனி எதையும் விட்டுத் துழாவவும் கூடாது.

தண்ணீர் மூக்கில் வருகிறது என்பதே போதுமான அடையாளம். வேறு சோதனை வேண்டாம்.

4 நவம்பர், மதியம் 2.00

"பல்லுக்கும் சைனஸுக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அதைத்தான் கேட்டேன். எனக்கு அறுவை செய்த வாய்-முக அறுவை நிபுணர் ஒரு மண்டையோட்டைக் கையில் வைத்துக் காட்டினார்.

கன்னத்து எலும்புக்குள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெற்று அறை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 15 மில்லி பிடிக்கும், ஒரு மருந்து மூடி அளவு. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்பது அந்த அறையின் தரைக்கு அடியில். சிலருக்கு நடுவில் நல்ல எலும்பு இருக்கும். சிலருக்குக் காகிதம் போல. சிலருக்கு வேர் நுனி அறைக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். பக்கத்துப் பல் இல்லாமல் ஒற்றைப் பல்லாக வெகுநாள் நின்றால் அறை கீழே இறங்கி வேரைச் சூழ்ந்துகொள்ளும்.

எனக்கு மனதில் நின்றது வேறு. குளத்துக்கு மடை அடியில் இருக்கும், தண்ணீர் தானாக வடியும். இந்த அறைக்கு மடை மேலே இருக்கிறது, மூக்குப் பக்கச் சுவரின் உச்சியில், சில மில்லிமீட்டர் அகலம். உள்ளே ஊறும் சளியைக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நாள் முழுக்க மேல்நோக்கித் தள்ளித் தள்ளி அந்தத் துளைக்குக் கொண்டு போகின்றன. கீழே ஓட்டை விழுந்து வாயில் உள்ள கிருமியும் சோற்றுத் துணுக்கும் உள்ளே போனால் சவ்வு வீங்கி மேல் மடை அடைத்துக்கொள்கிறது, மயிரிழைகளும் ஓய்ந்துவிடுகின்றன. அப்புறம் தேங்கிய தண்ணீர்தான். நாற்றம் அதனால்தான் வருகிறது.

4 நவம்பர், இரவு 9.20

ஒருவர் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார்: தன் மாமனாருக்கும் இதே மாதிரி தண்ணீர் வந்தது, ஒன்றும் செய்யவில்லை, ஒரு வாரத்தில் நின்றுவிட்டது, நான் ஊரைப் பயமுறுத்துகிறேன் என்று.

அவர் சொல்வது பொய்யில்லை. ஓட்டை 2 மில்லிமீட்டருக்குள் இருந்து, உள்ளே ஏற்கெனவே சீழ் இல்லாமல், குழியில் இரத்தக்கட்டி கலையாமல் நின்றால் பெரும்பாலும் தானே மூடும். அதற்கு மேல் இருந்தால் பஞ்சு போன்ற கரையும் பொருளை வைத்துத் தைப்பார்கள். இன்னும் பெரியது என்றால் ஈற்றுச் சதையை இழுத்து மூட வேண்டும். ஆனால் அது இரண்டா ஐந்தா என்று கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்து நமக்கு எப்படித் தெரியும்? மாமனாருக்கு நின்றது நல்லது. எனக்கு நிற்கவில்லை.

இன்னொன்று, நாள் கணக்கு. முதல் ஒன்றிரண்டு நாளில் மூடினால் சுலபம். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் அந்த வழியின் சுவரில் தோல் படர்ந்துவிடும். காது குத்திய துளை மாதிரி. தோடு போட்டுப் போட்டு உள்ளே தோல் மூடிய துளை எங்கே தானாகத் தூரும்? அப்புறம் அந்தத் தோலை முழுக்க அரிந்து எடுத்துவிட்டுத்தான் மூட முடியும். எனக்குச் செய்தது அது.

5 நவம்பர், காலை 7.00

கேட்டவரைக் காணோம். நேற்று போனீர்களா?

5 நவம்பர், மாலை 5.45

அவர் வரும் வரை, எனக்கு அறுவை எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கு.

உடனே தைக்கவில்லை. சீழ் இருக்கும்போது மூடினால் பிரிந்துவிடுமாம். முதலில் இரண்டு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி, சில நாள் மூக்குச் சொட்டு மருந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஓட்டை வழியாகவே வெதுவெதுப்பான உப்பு நீர் விட்டுக் கழுவினார்கள். குனிந்து உட்கார வேண்டும், மூக்கு வழியாகக் கிண்ணத்தில் விழும். முதல் நாள் விழுந்ததை எழுத மாட்டேன். ஆறாம் தடவை தண்ணீர் தண்ணீராகவே விழுந்தது. அன்றைக்குத்தான் தேதி குறித்தார்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, முழித்திருக்கும்போதேதான் செய்தார்கள். வழக்கமாகக் கன்னப் பக்கத்து ஈற்றுத் தோலை இழுத்து அண்ணத்தோடு தைப்பார்களாம். அப்படிச் செய்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் ஆழம் குறைந்துவிடும். நான் என்ன தொழில் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து போய் வேறொருவரிடம் பேசிவிட்டு வந்து, "உங்களுக்குக் கன்னம் அசைய வேண்டும், வேறு மாதிரி செய்யலாம்" என்றார். எல்லோருக்கும் கன்னத்துக்குள் ஒரு கொழுப்பு உருண்டை இருக்கிறது, குழந்தைகளுக்குக் கன்னம் உப்பியிருக்குமே, அது. அதில் ஒரு நுனியை இழுத்து ஓட்டையை அடைத்துத் தைத்தார். மஞ்சள் நிறத்தில் பூசணி விதை போல அது குழியில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் காட்டினார்கள். நாலு வாரத்தில் சிவந்து, ஈறு எது அது எது என்று தெரியாமல் சேர்ந்துவிட்டது.

தொழிலைக் கேட்டதற்காகவே அவருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

5 நவம்பர், இரவு 8.30

தைத்த பிறகு இரண்டு வாரம் இருப்பதுதான் உண்மையான வேலை. மூக்கு சிந்தக் கூடாது, வழிந்தால் துடைத்துக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் அடக்கவே கூடாது, வாயை ஆவென்று திறந்து தும்ம வேண்டும். இளநீருக்கு ஸ்ட்ரா கூடாது, உறிஞ்சினால் தையல் இழுபடும். பீடி, சிகரெட், புகையிலை கூடவே கூடாது. பலூன், சங்கு, ஊதுகுழல் எதுவும் ஊதக் கூடாது. முக்கி மலம் கழிக்கக் கூடாது, வாழைப்பழம் சாப்பிடுங்கள். தலையணை உயரமாக வேண்டும். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் வரை நிறுத்த வேண்டும்.

என் மனைவி அந்த இரண்டு வாரமும் வீட்டில் மிளகாய் தாளிக்கவில்லை. நெடி ஏறினால் எனக்குத் தும்மல் வரும் என்று ரசத்துக்குக் கூட வெறும் சீரகமும் கறிவேப்பிலையும். எதிர் வீட்டில் மிளகாய்ப் பொடிக்கு வறுத்த அன்று ஜன்னல்களை எல்லாம் சாத்தி ஈரத்துணி போட்டுவிட்டாள். எனக்குத் தவில் வாசிக்கும் அண்ணன் மூக்குப்பொடி போடுவார், பார்க்க வந்தவர் டப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். இருபது வருஷமாக அந்த டப்பியை அவர் கையை விட்டு இறக்கிப் பார்த்ததில்லை.

5 நவம்பர், இரவு 8.50

விட்டுப்போனது: மூக்கடைப்புச் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போடாதீர்கள். எனக்கு ஐந்து நாள்தான் சொன்னார். நீட்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். என் தம்பிக்கு அந்தப் பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது, மூன்று வருஷம்.

6 நவம்பர், காலை 10.10

ஒருவர் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார்: சர்க்கரை 300க்கு மேல், மேல் பல் இரண்டு ஆடுகிறது, ஒரு பக்கம் கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது, பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று.

நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இது நான் சொல்லும் கதையைச் சேர்ந்ததாக இல்லாமல் இருக்கலாம். 2021இல் கறுப்புப் பூஞ்சை வந்தபோது எங்கள் ஊரிலேயே பார்த்தோம். கட்டுப்படாத சர்க்கரையோடு கன்னம் மரத்துப்போதல், மேல் பல் காரணமில்லாமல் ஆடுதல், அண்ணத்தில் கறுப்புத் திட்டு, கண் வீக்கம்: இதில் எது இருந்தாலும் நாள் கணக்கில்லை, மணிக் கணக்கு. பல்லை மட்டும் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வருவதில்லை அது. என் சித்தப்பாவுக்கு மேல் தாடையில் பாதி எடுத்தார்கள், உயிர் நின்றது.

6 நவம்பர், இரவு 9.40

மனம் கனமாக இருக்கிறது. வேறொன்று சொல்கிறேன்.

கழுவும் நாள்களில் டாக்டர் ஒரு பழைய கதை சொன்னார். இந்தக் கன்னத்து அறையை 1489இலேயே லியனார்டோ டா வின்சி மண்டையோட்டை அறுத்துப் படம் வரைந்திருக்கிறார். ஆனால் மருத்துவத்தில் அதற்குப் பேர் வந்தது இங்கிலாந்தின் நதேனியல் ஹைமோர் 1651இல் எழுதிய உடற்கூற்று நூலால். அதில் ஒரு பெண்மணி வருகிறார். மேல் கோரைப்பல் பிடுங்கிய பிறகு அந்தக் குழியிலிருந்து ஓயாமல் நீர் வடிந்திருக்கிறது. எங்கிருந்துதான் வருகிறது என்று அவரே ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார், அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் ஒரு இறகை விட்டார், அதுவும் ஏறக்குறைய முழுக்க உள்ளே போய்விட்டது. மூளைக்கே போய்விட்டதோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினார்.

நான் அந்த நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். 370 வருஷத்துக்கு முன்னால் இதே குழியோடு ஒருத்தி, கையில் இறகோடு, என்ன பாடு பட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஸ்கேன் இல்லை, மருந்து இல்லை. இன்றைக்கும் அவள் ஞாபகம் வரும்.

7 நவம்பர், காலை 6.50

முந்தாநாள் முதல் ஒன்று உறுத்துகிறது. பல் பிடுங்கிய டாக்டரைப் பற்றி முதலில் எழுதியபோது கோபத்தோடு எழுதினேன். ஓட்டை விழுந்தது அவர் குற்றம் இல்லை. வேர் அறைக்குள் நிற்கும்போது எவ்வளவு கைதேர்ந்தவர் எடுத்தாலும் விழலாம், எனக்கு அறுவை செய்தவரே அப்படித்தான் சொன்னார். முன்பே எக்ஸ்ரே எடுத்து வேரை மூன்றாகப் பிளந்து ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்குத் தீராதது, அந்த எலும்புச் சில்லைப் பார்த்துவிட்டும் சொல்லாமல் அனுப்பியது. "மேலே வழி திறந்திருக்கலாம், இரண்டு வாரம் மூக்கு சிந்தாதே, ஊதாதே, தண்ணீர் மூக்கில் வந்தால் உடனே வா" என்று நாலு வாக்கியம். அந்த நாலு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் பத்தாம் நாள் சீவாளியைத் தொட்டிருக்க மாட்டேன். ஊதி ஊதி நானே ஓட்டையைப் பெரிதாக்கியிருக்க மாட்டேன்.

அதனால் மேல் கடைவாய்ப் பல் பிடுங்கும் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நீங்களே கேளுங்கள்: "சைனஸ் திறந்திருக்கிறதா, பார்த்தீர்களா?" கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாகஸ்வரம், கிளாரினெட், புல்லாங்குழல் வாசிப்பவர்கள், கண்ணாடி ஊதுபவர்கள், கடலில் மூழ்கும் சங்குக் குளிகாரர்கள், இவர்கள் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானத்தில் போக வேண்டியவர்களும் தேதியைச் சொல்லுங்கள், எனக்கு அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் வேண்டாம் என்றார்கள்.

7 நவம்பர், மதியம் 1.15

எலும்பில் திருகு இறக்கிப் பல் பொருத்தும் உள்வைப்பு (இம்ப்ளான்ட்) பற்றிக் கேட்டவருக்கு: எனக்குப் போடவில்லை, அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. பல் போன இடத்தில் எலும்பு கரைந்து சைனஸ் தரை இறங்கியிருக்கும், திருகு நிற்க எலும்பு போதாது. சவ்வை மேலே உயர்த்தி எலும்புத் தூள் நிரப்பிச் செய்வார்கள். அப்போதும் சவ்வு கிழியலாம், திருகு அறைக்குள் போய் விழுந்தவர்களும் உண்டு. நன்றாக முடிந்தவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே சைனஸில் சீழ் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டுப் போங்கள்.

8 நவம்பர், இரவு 7.30

கேட்டவர் வந்துவிட்டார்! திங்கள் போயிருக்கிறார். பல் டாக்டர் பார்த்த உடனே அறுவை நிபுணருக்கு எழுதிக் கொடுத்து, அன்று மாலையே ஸ்கேன். ஓட்டை 4 மில்லிமீட்டர், உள்ளே சீழ் இல்லை. புதன்கிழமை ஈற்றுத் தோலை இழுத்துத் தைத்துவிட்டார்களாம். கன்னம் வீங்கியிருக்கிறது, தண்ணீர் வரவில்லை. வீக்கம் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும், பயப்படாதீர்கள்.

எனக்கு எப்போது மறுபடி ஊத விட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். செப்டம்பர் கடைசியில் அறுவை, டிசம்பர் முதல் வாரம் அனுமதி. முதல் நாள் ஐந்து நிமிஷம் மந்தர சட்ஜம் மட்டும். மகள் என் மூக்குக்கு அருகில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசில் இல்லை. கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு மல்லாரியோடு தொடங்கினேன்.

உங்களுக்கு நவம்பர் 20 வாக்கில் தையல் பிரிப்பார்கள். அதுவரை சோறு வலது பக்கமே மெல்லுங்கள், குழைய வடியுங்கள், அப்பளம் வேண்டாம். அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.